எந்தப் பாட்டில்?

செப்டம்பர் 8, திங்கள்

இசைத்தட்டு வந்துவிட்டது. ஒவிதியோ தன் மதுக்கடைக்கு ஒன்றும் எனக்கு ஒன்றுமாக, புவெனவெந்துராத் துறைமுகத்திலிருந்து வரும் பேருந்து ஓட்டுநரிடம் சொல்லி வரவழைத்திருந்தான். வேலை முடிந்து வரும் வழியில் வாங்கிக்கொண்டேன். பிரிக்கவில்லை. பகல் முழுக்க டாக்ஸி கேட்டுக் கூப்பிடுகிறவர்களுக்குப் பதில் சொன்ன காதுக்கு இன்னொரு சத்தம் வேண்டியிருக்கவில்லை. கால் வேறு வீங்கியிருக்கிறது.

சொனோரா பினியால் குழுவின் எந்தத் தட்டையும் வந்த அன்றே கேட்காமல் நான் விட்டதில்லை. இன்று விட்டேன். இத்தனைக்கும் ஒன்பது வருஷம் கழித்து வந்திருக்கிறது.

அட்டையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். பெயர் 'வற்றம்'. கடல் இறங்கிப்போன சேற்றில் சாய்ந்து நிற்கும் படகு, அதில் ஐந்து கிழவர்கள். இரண்டாவதாக எவரிஸ்தோ ரியாஸ்கோஸ். தொண்டையில் அறுவை சிகிச்சை செய்தபிறகு அவருக்குக் குரல் இல்லை, பாட வேறு ஆள் வந்துவிட்டான். பின்னட்டையில் அவர் பெயருக்கு நேரே 'மராக்கா' என்று போட்டிருக்கிறது. எந்தக் குரலுக்காக நான் இரண்டு வேலைகளை விட்டேனோ, ஒரு கல்யாணத்துக்குத் தாமதமாகப் போனேனோ, அந்தக் குரலுக்குரிய மனிதர் இப்போது விதை போட்ட காயைக் குலுக்குகிறார். போகட்டும். அப்படியாவது இருக்கிறாரே.

செப்டம்பர் 9, செவ்வாய்

முதல் பக்கம் கேட்டேன். ஈரக் கம்பளியைப் போட்டு மூடிய மாதிரி இருக்கிறது. ட்ரம்பெட் அடுத்த தெருவில் ஊதுகிறது. புதுப் பாடகன் பாதி வார்த்தையை விழுங்குகிறான்.

மராக்கா? இல்லவே இல்லை. முதல் பாட்டை மூன்று தரம் போட்டேன். இல்லை.

தங்கை ஃபானி அறைக் கதவைத் திறந்து, "அக்கா, தெருவுக்கே கேக்குது" என்றாள். கேட்டால் நல்லதுதானே.

செப்டம்பர் 14, ஞாயிறு

மணியை எடுத்துக்கொண்டு ஒவிதியோ கடைக்குப் போனேன். வழக்கமான ஞாயிறுக் கூட்டம். தட்டு சுழலும்போது, மணி கொண்டுவந்தவர்கள் கூடவே அடிப்பதுதான் இங்கே முறை. நாக்கு கழற்றிய மாட்டுமணியை இடது கையில் தோளோரம் பிடித்துக்கொண்டு குச்சியால் அடிக்க வேண்டும். முப்பது வருஷமாக மதுமேடையை ஒட்டிய மூலை என் இடம். என் அடி பிசகினால் ஆடுகிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள்.

'வற்றம்' இரண்டு பக்கமும் போட்டான். நான் அடித்தேன். ஆனாலும் எதன்மேல் அடிக்கிறோம் என்று தெரியாத மாதிரி இருந்தது. நிற்க இடமில்லாமல் நிற்பது போல.

"பிரமாதம்டி, இல்ல?" என்றான் ஒவிதியோ.

"எவரிஸ்தோ எங்க?"

"அதான் முதல் பாட்டுலேர்ந்து குலுக்கிட்டிருக்காரே மனுஷன்!"

"நீ போட்டோவப் பாத்துக் கேக்கற. நான் காதால கேக்கறேன்."

அவன் மனைவி லுசேரோ சிரித்தாள். ஒவிதியோ சிரிக்கவில்லை. என்னையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு யாரோ ரம் கேட்டார்கள்.

எனக்குப் புரிகிறது. அவர்களுக்கு அவர் இருக்க வேண்டும். அதனால் இருக்கிறார்.

செப்டம்பர் 17, புதன்

மறுபடியும் ஒரு வண்டி வேறு தெருவுக்குப் போய் நின்றிருக்கிறது. மேற்பார்வையாளர் என் மேசைக்கே வந்துவிட்டார். இந்தக் காலத்தில் எல்லாரும் வாய்க்குள்ளேயே பேசுகிறார்கள். அதற்கு நான் என்ன செய்ய?

செப்டம்பர் 23, செவ்வாய்

இரண்டாம் பக்கத்தைத் தனியாக உட்கார்ந்து கேட்டேன். நியாயமாகச் சொன்னால், பாஸ் வாத்தியம் நன்றாக இருக்கிறது. பெரிய ஆள் ஒருவர் மரத் தரையில் மெதுவாக நடப்பது போன்ற பாஸ். பியானோவும் தேவலை. மூன்றாவது பாட்டு, 'பாலத்தடி', மிக நீளம். நடுவில் எல்லாரும் அடங்கிப்போய்ப் பியானோ மட்டும் தட்டித் தட்டி நிற்கிறது. எதற்கு நிற்கிறார்கள்? யார் வர வேண்டும்? யாரும் வருவதில்லை. பிறகு மறுபடி எல்லாரும் சேர்ந்துகொள்கிறார்கள்.

கேட்டு முடித்ததும் அப்படி ஒரு அலுப்பு. காதைக் கூர்மையாக்கிக் கேட்டுக் கேட்டுத் தலை கனக்கிறது. பாட்டுக் கேட்பது எப்போதிலிருந்து வேலையானது?

செப்டம்பர் 27, சனி

ஹைரோவின் காலை வானொலி நிகழ்ச்சியிலிருந்து கூப்பிட்டார்கள். சொனோரா பினியால் தட்டு வந்தால் என்னைக் கூப்பிடுவது அவர்களுக்கு வழக்கம். எங்கள் பேட்டையைச் சேர்த்து 'ஒப்ரேரோவின் மணிக்காரி' என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

"எப்படி இருக்கு தோன்யா அலெய்தா, உங்க ஆளுங்க தட்டு?" என்று மரியாதையாகத்தான் கேட்டார் ஹைரோ.

சொல்லிவிட்டேன். பாஸ் நன்று, பியானோ நன்று, அட்டை பொய். பேசக்கூட முடியாத கிழவரைச் சேற்றில் உட்கார வைத்துப் படம் எடுத்து, அடிக்காத மராக்காவுக்கு அவர் பெயரைப் போட்டு விற்கிறார்கள் என்றேன். இதைவிட அவரை வீட்டில் நிம்மதியாக விட்டிருக்கலாம் என்றேன்.

ஹைரோ, "தோன்யா... ஒண்ணுமே கேக்கலையா உங்களுக்கு?" என்றார்.

"இருந்தாத்தானே கேக்கும்" என்றேன்.

யாராவது சொல்ல வேண்டியதுதான். அவருக்காகத்தானே சொன்னேன்.

செப்டம்பர் 28, ஞாயிறு

கடைக்குள் நுழைந்ததும் பேச்சு நின்றது. என் மூலையில் நாற்காலி இருந்தது. பக்கத்து நாற்காலிகள் தள்ளிப் போயிருந்தன.

ஒவிதியோ என்னைச் சமையல்கட்டுப் பக்கம் கூட்டிப்போனான். எவரிஸ்தோவின் மகள் அவனுக்குப் போன் செய்திருக்கிறாள். அவர்கள் வீட்டிலும் அந்த நிகழ்ச்சியைக் கேட்கிறார்கள். எனக்கு ஏன் இது தோன்றவில்லை? கிழவர் இப்போது பேசுவதெல்லாம் சின்னப் பலகையில் எழுதித்தான். நிகழ்ச்சி முடிந்ததும் எழுதிக் காட்டினாராம்: 'எந்தப் பாட்டில் நான் சரியாக இல்லை என்று அந்த அம்மாவிடம் கேள்.'

"கோவப்படலையாம். உண்மையாவே தெரிஞ்சுக்கணும்னு கேக்கறாராம்" என்றான் ஒவிதியோ. "நான் என்ன சொல்லட்டும்?"

"எல்லாப் பாட்டுலயும்னு சொல்லு."

"அத என்னால சொல்ல முடியாது அலெய்தா."

பிறகு நான் மணியை எடுக்கவில்லை. ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்துவிட்டு வந்தேன்.

'எந்தப் பாட்டில்.' சண்டை போட்டிருக்கலாம். திட்டியிருக்கலாம். இப்படிக் கேட்டால் என்ன செய்வது?

அக்டோபர் 1, புதன்

தட்டை மறுபடி இரண்டு பக்கமும் போட்டுப் பார்த்தேன். இல்லை. நான் பொய் சொல்லவில்லை.

அக்டோபர் 5, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன், நாளைக்கு வேறு மாதிரி நினைத்துக்கொள்ளாமல் இருக்க.

மதியம் கடை பாதி காலி. முதல் பக்கம் முடிந்து ஒவிதியோ தட்டைத் திருப்பிப் போடாமல் வைத்திருந்தான். மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. நான் மேடையில் சாய்ந்து, உப்பும் தேனும் தடவிய சொந்தாதுரோ பழத்தைக் கடித்துக்கொண்டு, லுசேரோவிடம் என் மேற்பார்வையாளரைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். புதிதாக ஒரு பெண்ணை எனக்குப் பக்கத்தில் உட்கார வைத்து நான் சொல்லும் முகவரியைத் திருப்பிச் சொல்லச் சொல்கிறார், அவமானமாக இருக்கிறது என்று. லுசேரோ தலையாட்டினாள். அவள் கண் என் தோளுக்குப் பின்னால் போய்ப் போய் வந்தது. கண்ணில் தண்ணீர் நின்றது. என் கதைக்கு ஏன் இவ்வளவு கலங்குகிறாள் என்று நினைத்தேன்.

திரும்பினேன்.

என் இடது தோளுக்குப் பின்னால் ஒவிதியோ நின்றிருந்தான். சுவரில் மாட்டியிருக்கும் மராக்கா ஜோடி அவன் கையில் இருந்தது. பல வருஷம் முன்பு கடைக்கு வந்தபோது எவரிஸ்தோ கையெழுத்துப் போட்டுக் கொடுத்த ஜோடி. ஒவிதியோவின் மணிக்கட்டு ஆடிக்கொண்டிருந்தது. மெதுவாக, சீராக, அந்தத் தட்டின் வேகத்திலேயே.

முதலில் கையைத்தான் பார்த்தேன். காய் ஆடியது. விதை உள்ளே விழுகிறது என்று தெரிந்தது. ஒன்றும் கேட்கவில்லை.

கடையில் யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை.

"எவ்வளவு நேரமா?" என்று கேட்டேன்.

"நீ உன் ஆபீஸ் கதைய ஆரம்பிச்சதுலேர்ந்து."

"இத இப்படி எல்லார் முன்னாலயும்தான் செய்யணுமாடா?"

"வாயால சொன்னேனே, நீ கேட்டியா? போட்டோவப் பாத்துக் கேக்கறேன்னியே!" அவன் குரல் உடைந்தது. "ரெண்டு வருஷமா சத்தத்தக் கூட்டு கூட்டுங்கற. நான் பேசறப்ப என் வாயையே பாக்கற. நான் யார்கிட்ட போய்ச் சொல்றது?"

மணியைப் பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன். மலையிலிருந்து மாலைக் காற்று இறங்கியிருந்தது. தெரு மரங்களெல்லாம் ஆடின. நின்று பார்த்தேன். மரமும் சத்தமில்லாமல்தான் ஆடியது. எப்போதிலிருந்து?

அக்டோபர் 6, திங்கள்

அடப்பாவி ஒவிதியோ.

அக்டோபர் 16, வியாழன்

காது பரிசோதனை. ஃபானியும் வந்தாள். ஆஸ்பத்திரியில் கண்ணாடி வைத்த சிறு அறைக்குள் உட்கார வைத்து, காதில் ஹெட்போனை மாட்டிவிட்டு, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தாள் பரிசோதனை செய்யும் பெண். சத்தம் கேட்டால் அழுத்த வேண்டும். நான் காத்திருந்தேன். கொஞ்ச நேரம் கழித்துக் கதவைத் திறந்தாள்.

"அம்மா, பொத்தானை அழுத்தணும்."

"சத்தம் வந்தா அழுத்தறேன்மா."

"அது வந்து முடிஞ்சு போச்சும்மா" என்றாள். நல்ல பெண். மெதுவாகத்தான் சொன்னாள்.

டாக்டர் தாளைப் பார்த்துவிட்டு, தொழிற்சாலையில் வேலை செய்தீர்களா, துப்பாக்கிப் பயிற்சி உண்டா என்று கேட்டார்.

"ஞாயித்துக்கிழமை மணி அடிப்பேன்" என்றேன்.

"சர்ச்சிலயா?"

"ஒவிதியோ கடையில."

ஊருக்குப் புதியவர் போல. ஃபானி விளக்கினாள். பாட்டோடு சேர்த்து அடிப்பது, இடது கையில் பிடிப்பது, முப்பது வருஷம். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார். இடது காது அதிகம் போயிருக்கிறது, வலது பின்னாலேயே போகிறது. மெல்லிய சத்தங்கள்தான் முதலில் போகுமாம். குருவி, இலை, பேச்சின் ஓரங்கள். போனது திரும்பாது. காதுக்கருவி வைத்தால் கொஞ்சம் ஈடுகட்டலாம், காப்பீட்டில் எழுதித் தருகிறேன், வர நாளாகும் என்றார். மணியை இனித் தொடக் கூடாது.

"தொட்டா?"

"இருக்கறதும் போகும்."

திரும்பும்போது பேருந்தில் ஃபானி என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள். ஏதோ பேசிக்கொண்டும் வந்தாள். என்ன என்று நான் கேட்கவில்லை. தலையாட்டினேன். எத்தனை வருஷமாக இப்படித் தலையாட்டிக்கொண்டிருக்கிறேன்?

அக்டோபர் 19, ஞாயிறு

போகவில்லை.

அக்டோபர் 26, ஞாயிறு

போகவில்லை. மதியம் தூங்கினேன். வேலையில் என்னைத் தொலைபேசியிலிருந்து எடுத்து வண்டிக் கணக்குப் பக்கம் போட்டுவிட்டார்கள். அங்கே யாரும் பேசுவதில்லை. வசதிதான்.

நவம்பர் 2, ஞாயிறு

சும்மா இருக்க முடியாமல் தட்டைப் போட்டேன். அவர் இருக்கிறார் என்று தெரிந்துகொண்டு கேட்பது வேறாக இருக்கிறது. முன்பு இல்லாததைத் தேடினேன். இப்போது இருக்கும் ஒருவரைத் தேடுகிறேன்.

'பாலத்தடி' நடுவில் எல்லாரும் அடங்கும் இடம். அங்கே பியானோ யாருக்காகவோ ஒதுங்கி நிற்கிறது என்று முன்பே எழுதியிருக்கிறேன். பாஸும் அங்கே குரலைத் தாழ்த்திக்கொள்கிறது. பாடகன் ஒரு வரியைப் பாதியில் விட்டு வழி விடுகிறான். வார்த்தையை விழுங்குகிறான் என்று அவனைத் திட்டினேனே, விழுங்கியது என் காது. இவ்வளவு பேர் ஒதுங்கி நின்று இடம் கொடுத்திருக்கிறார்கள். நாற்காலி தெரிகிறது, உட்கார்ந்திருக்கும் ஆள் தெரியவில்லை.

விரலால் மேசையில் அவர் தாளத்தைப் போட்டுப் பார்த்தேன். இங்கேதான் இருப்பார். இப்படித்தான் போவார். ஊகம்தான்.

நான் ஊரறியச் சொன்னது அந்த மனிதர் காதில் விழுந்தது. அவர் கை ஆடியது என் காதில் விழவில்லை. அவர் கேட்டதற்கு இன்னும் பதில் சொல்லவில்லை. 'எனக்குக் காது கேட்கவில்லை, மன்னியுங்கள்' என்று சொல்லிவிடலாம். ஒரே வரி. ஆனால் அது அவர் கேட்டதற்குப் பதில் இல்லையே. அவர் கேட்டது எந்தப் பாட்டில் என்று.

நவம்பர் 9, ஞாயிறு

ஒவிதியோ வீட்டுக்கு வந்தான். பாந்தெபோனோ ரொட்டி, சூடாக. வாசலிலேயே நின்றான்.

"உள்ள வாடா, ரொட்டி ஆறுது."

"அடிப்பியோன்னு பாத்தேன்."

"மணி தொடக் கூடாதுன்னாரு டாக்டர். உன்னத் தொடக் கூடாதுன்னு சொல்லல."

உட்கார்ந்தான். என் வலது பக்கம் பார்த்து உட்கார்ந்தான். தின்றோம். போகும்போது, எவரிஸ்தோவின் மகளிடம் தான் எதுவுமே சொல்லவில்லை என்றான். "உன் காதப் பத்தியும் சொல்லல. அது நீ சொல்ல வேண்டியது."

நவம்பர் 18, செவ்வாய்

கருவி வரவில்லை. மழை. கால் வீக்கம்.

நவம்பர் 26, புதன்

வந்தது. இரண்டு காதிலும் பொருத்தி அனுப்பினார்கள்.

நரகம். என் செருப்பு கத்துகிறது. பிளாஸ்டிக் பையைப் பிரித்தால் தீப்பிடித்த மாதிரி இருக்கிறது. ஃபானி வாழைக்காய் வறுத்தாள். எண்ணெய்ச் சத்தத்துக்கு எழுந்து ஓடினேன். ஃபானியின் குரல் இவ்வளவு கீச்சென்று இருக்கும் என்பதே மறந்து போயிருந்தது. அதைச் சொன்னேன்.

"நல்லா இருந்துச்சுக்கா இத்தன நாளு" என்றாள். சொல்லிவிட்டு அழுதாள்.

தட்டைப் போடவில்லை. போட்டு, அப்போதும் இல்லையென்றால்?

நவம்பர் 27, வியாழன்

வேலைக்குப் போகும் முன் போட்டேன். ஊசி இறங்கும் சத்தம் கேட்டது. அதுவே எத்தனை வருஷம் ஆயிற்று.

இருக்கிறார்.

முதல் பாட்டில், முதல் அடியிலிருந்து. வலது ஓரத்தில், பாடகனுக்கு அருகில். முறத்தில் அரிசி புடைக்கிற மாதிரி. நான் விரலால் போட்டுப் பார்த்த தாளம் இல்லை அது. அதைவிட எளிது. பாடிய காலத்தில் அவர் செய்த எந்த வித்தையும் கையில் இல்லை. நேரத்தை மட்டும் பிடித்துக்கொண்டிருக்கிறார். கருவி எல்லாவற்றையும் தகரமாக்கிவிடுகிறது. ட்ரம்பெட்டைப் பொறுக்க முடியவில்லை. ஆனாலும் இருக்கிறார்.

வேலைக்குத் தாமதம். இரண்டாம் பக்கமும் கேட்டுவிட்டுத்தான் போனேன்.

நவம்பர் 28, வெள்ளி

'பாலத்தடி'யை மறுபடி கேட்டேன். மறுபடியும். அட்டையைக் குப்புறக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கேட்டேன், படத்தைப் பார்க்காமல்.

நடுவில், எல்லாரும் ஒதுங்கி அவர் தனியாக வரும் அந்த இடத்தில், முதலில் சரியாகப் போகிறார். பிறகு கை தளர்கிறது. மயிரிழை பின்தங்குகிறார். ஓரிடத்தில் ஒரு குலுக்கே விழவில்லை. பிறகு வந்து சேர்ந்துகொள்கிறார். பாஸ்காரர் அவருக்காக ஒரு நொடி பொறுத்துக்கொள்வதுகூடத் தெரிகிறது. வெட்டி ஒட்டியிருக்கலாம். மறுபடி அடிக்கச் சொல்லியிருக்கலாம். அப்படியே விட்டிருக்கிறார்கள்.

நான் தளர்ந்துபோய்க் கேட்கிறேன் என்பதால் அவரும் தளர்கிறார் என்று தோன்றுகிறதா? இல்லை. சோதித்துவிட்டேன். தளர்கிறார்.

நவம்பர் 29, சனி

நானே வானொலிக்குப் போன் செய்தேன். ஹைரோ உடனே நேரலையில் சேர்த்துவிட்டார்.

"ரெண்டு மாசம் முன்னாடி நான் சொன்னது தப்பு" என்றேன். "எனக்குக் காது போயிடுச்சு. மணி அடிச்சே போச்சு. எவரிஸ்தோ எல்லாப் பாட்டுலயும் இருக்காரு. அட்டைல போட்டது நிஜம்."

"அப்பாடா" என்றார் ஹைரோ. "அப்ப தட்டு பிரமாதம்னு எழுதிக்கலாமா தோன்யா?"

"இருங்க, இன்னும் முடிக்கல. எந்தப் பாட்டுல சரியா இல்லன்னு அவர் என்கிட்ட கேட்டிருந்தாரு. ரெண்டாம் பக்கம், மூணாவது பாட்டு. நடுவுல கை தளருது. ஒரு குலுக்கு விட்டுப்போகுது."

"ஐயோ, தோன்யா! மன்னிப்புக் கேக்கறப்பவே குறை சொல்றீங்களே!"

"அவர் கேட்டாரு. நான் கேட்டதச் சொல்றேன்."

போனை வைத்தபின் ஃபானி தண்ணீர் கொடுத்தாள். சரியாகச் செய்தேனா? தெரியவில்லை. அந்த மனிதருக்கு வேறு எதைக் கொடுப்பது? பரிதாபமா?

டிசம்பர் 7, ஞாயிறு

ஒவிதியோ கடைக்குப் போனேன். மணி இல்லாமல். அதை ஃபானி அடுப்படியில் வாய் மேலே பார்க்க நிற்க வைத்து மரக்கரண்டிகளைச் செருகியிருக்கிறாள். இருக்கட்டும்.

மெழுகுவர்த்தி ஏற்றும் திருநாள் என்பதால் லுசேரோ வாசல்படியில் காகிதக் கூடுகளை வரிசையாக வைத்துக்கொண்டிருந்தாள். என் மூலையில் வேறு யாரோ மணியோடு நின்றார். அடி சுமார்தான். நான் கதவோரம், ஒலிபெருக்கிக்கு எட்டத்தில் உட்கார்ந்தேன். மணிச் சத்தம் வெளியிலிருந்து கேட்டால் இவ்வளவு கொடுமை என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. கருவியின் சத்தத்தைக் குறைத்துக்கொண்டேன்.

ஒவிதியோ கையைத் துடைத்துக்கொண்டு வந்து என் வலது பக்கம் குனிந்தான். காலையில் எவரிஸ்தோவின் மகள் பேசினாளாம். கிழவர் நிகழ்ச்சியைக் கேட்டுவிட்டு, தட்டை எடுத்துவரச் சொல்லி, அந்தப் பாட்டைப் போடச் சொல்லிக் கண்ணை மூடிக் கேட்டாராம். அவரைப் பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் பிரமாதம் பிரமாதம் என்றுதான் சொல்லிவிட்டுப் போகிறார்களாம். அப்புறம் பலகையை எடுத்தாராம்.

"என்ன எழுதினாரு?"

"'ஆமாம். அங்கே கை வலித்தது.'"

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். அழிக்க வேண்டாம்னுட்டாராம். பலகை அப்படியே மேசை மேல இருக்காம்."

இரண்டாம் பக்கத்தைப் போட்டான். 'பாலத்தடி' நடுப்பகுதி வரும்போது அவன் மணிக்காரரின் தோளைத் தொட்டான். அவர் நிறுத்தினார். ஆடியவர்களில் சிலர் நின்றார்கள், சிலர் நிற்கவில்லை. யாரோ மின்விசிறியை அணைத்தார்கள்.

கருவியின் சத்தத்தை மறுபடி கூட்டிக்கொண்டேன். வந்தார். கொஞ்சம் பின்தங்கினார். அந்த ஒரு குலுக்கு விழவில்லை. நான் காத்திருந்தேன், பாஸ்காரர் காத்திருந்த அளவுக்கு.